எல்லா நம்பரும் பொருந்தின துவக்கு

அண்ணை,

இன்று காலை ஸ்காபரோவில், மல்வேர்ன் பக்கம் ஒரு வீட்டுக்கு, வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் திருத்தப் போனேன். நிலத்துக்குக் கீழே, பேஸ்மென்றில் அந்த வீட்டுக்காரர் பழைய மேசையொன்றுக்கு லின்சீட் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். படியில் கால் வைத்ததும் மணம் மூக்கில் ஏறியது. உங்கள் சட்டையின் மணம். துவக்குக் கட்டைகளுக்கு நீங்கள் துணியில் தோய்த்துத் தேய்க்கிற அதே எண்ணெய். நான் அப்படியே நின்றுவிட்டேன். "என்ன, ஏதும் காஸ் லீக்கோ?" என்று அந்த மனுசன் பயந்துபோய்க் கேட்டார். செத்த பிறகும் ஒருத்தனை நிம்மதியாக வேலை செய்ய விடமாட்டீர்கள்.

போனவர்களைப் பற்றி நல்லதைத்தான் எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு அது வராது. உங்களை நான் கடைசிவரை சந்தேகப்பட்டேன். இப்போதும் சந்தேகப்படுகிறேன்.

ஸ்காபரோவுக்கு வெளியே, விட்பிப் பக்கம் ஒரு மண்டபத்தில்தானே நாங்கள் சந்தித்தோம். பழைய பட்டாளத் துவக்குகளை மேசை மேசையாகப் பரப்பி விற்கிற சந்தை. முழுக்க வெள்ளைக்காரக் கிழவர்கள். நடுவில் நாங்கள் இரண்டு பேர். கண்டவுடனே இரண்டு பேருக்கும் ஒரே யோசனை: உவன் ஆர், உவனுக்கு இங்கை என்ன வேலை? ஸ்காபரோவில் தமிழ் பேசுகிறவன் வீட்டில் துவக்கு இருக்கிறதென்றால் சனம் என்ன கதைக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? என் முஸ்லிம் பெயரைக் கேட்டதும் "ஓ, நானாவோ" என்றீர்கள். "ஓம் அண்ணை" என்றேன். அதோடு நானா என்று நீங்கள் என்னை மூத்தவராக்க, அண்ணை என்று நான் உங்களை மூத்தவராக்க, யாருக்கு வயது கூட என்பது கடைசிவரை தீரவில்லை. கேட்டால் அதற்கும் மழுப்புவீர்கள்.

அன்று நான் ஒரு பழைய பிரிட்டிஷ் 303 ரைபிளைக் கையில் வைத்துத் துள்ளிக்கொண்டு நின்றேன். தோட்டா ஏற்றுகிற போல்ற்றில் இருந்த நம்பர், உடம்பில் இருந்த நம்பர், கட்டையில் இருந்த நம்பர், எல்லாம் ஒன்று. துவக்குச் சேர்க்கிறவனுக்கு அதைவிட வேறென்ன வேணும்! நீங்கள் காதோடு வந்து சொன்னீர்கள்: "நானா, எல்லாம் பொருந்தினால்தான் பயப்பட வேணும். பட்டாளத்திலை அடிபட்ட சாமான் எண்டால் ஒரு துண்டாவது மாறியிருக்கும். உது ஆரோ புதிசா அடிச்ச நம்பர்." நம்பர் வெட்டின ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னீர்கள். கூராக இருந்தது. பழசென்றால் மழுங்கியிருக்கும். விற்க வந்தவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் வேறு மேசைக்குப் போய்விட்டார்.

பிறகு பக்கத்தில் கிடந்த இன்னொன்றை எடுத்தீர்கள். போல்ற்றை இழுத்துத் திறந்து, பெருவிரல் நகத்தை உள்ளே வைத்து, குழல் வாயில் கண்ணை வைத்தீர்கள். நகத்தில் விழுகிற வெளிச்சம் குழலுக்குள் போகும், துரு இருந்தால் தெரியும். கெட்டித்தனமான வேலைதான். நான் இரண்டடி பின்னால் போனேன்.

ஏனென்று உங்களுக்கு நான் சொல்லவேயில்லை. தொண்ணூறாம் ஆண்டு, யாழ்ப்பாணத்தை விட்டுப் போங்கள் என்று இயக்கக்காரர் எங்கள் சனத்தைத் துரத்தின அன்று, ஐந்து சந்தியில் முஸ்லிம்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சோதித்தார்கள். துவக்கோடு நின்ற ஒருவன் என் உம்மாவின் தோட்டைக் கழற்றச் சொன்னான். "தம்பி, இது என்ர கலியாணத் தோடு" என்றா உம்மா. அவன் கையை நீட்டினான். பயத்தில் அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. துவக்கைத்தான் பார்த்தேன். தோட்டின் சுரை இறுகிக் கிடந்தது, உம்மாவுக்குக் கழற்ற முடியவில்லை. அதுவரைக்கும் பொழுது போகாதவன் மாதிரி அவன் போல்ற்றைத் திறந்து, நகத்தை வைத்து, குழலுக்குள் பார்த்தான். அது என்ன துவக்கு என்று அறியத்தான் நான் இந்தப் பைத்தியத்துக்குள்ளேயே வந்தேன்.

துவக்குப் பழகின எவனும் அப்படித்தான் பார்ப்பான் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் அடுத்த சனிக்கிழமை, நீங்கள் சேர்த்து வைத்த துவக்குகளைப் பார்க்க உங்கள் பேஸ்மென்றில் வந்து நின்றேன். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும்.

எங்கே பழகினீர்கள் என்று கேட்டால், "கொழும்பிலை காவலுக்கு வாச்சராய் நிண்டனான், அங்கை ஒரு பென்சன் பொலிஸ்காரன் காட்டித் தந்தவன்" என்பீர்கள். எப்போது கேட்டாலும் அதே வசனம். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. எல்லாம் பொருந்தும். நீங்கள் சொன்ன விதியை உங்களில் வைத்தே பார்த்தேன், அண்ணை.

துவக்கைத் தோளில் வைத்துக் குறி பார்க்கமாட்டீர்கள். துவக்கோடு படம் எடுக்க விடமாட்டீர்கள். ஒருநாள் வேண்டுமென்றே கேட்டேன், "ஐந்து சந்திப் பக்கம் போய்வந்து பழக்கமோ அண்ணை?" எண்ணெய்த் துணி நின்றது. "அந்தப் பக்கம் எனக்கு அவ்வளவு தெரியாது" என்றீர்கள். பிறகு மேலே நின்ற உங்கள் மனுசிக்கு, "இஞ்சரும், நானாவுக்கு ஒரு தேத்தண்ணி" என்று குரல் கொடுத்தீர்கள். தேத்தண்ணி என் கையில்தான் இருந்தது.

உங்களை மாதா கோயிலில் வைத்துப் பூசை முடித்துப் புதைத்து வந்த பிறகு, உங்கள் மனுசி கூப்பிட்டா. "நானா, உங்களிட்டைத்தானே லைசென்ஸ் இருக்கு. உதுகளைக் கொண்டுபோய் வித்துத் தாங்கோ." ஒவ்வொன்றாக எடுத்து, எந்த நாடு, எந்தப் பட்டாளம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் மனுசி படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தா. நடுவில் மறித்துக் கேட்டா.

"அவர் உங்களிட்டை ஏதும் சொன்னவரோ? கலியாணத்துக்கு முந்தி அங்கை என்ன செய்தவர் எண்டு?"

"கொழும்பிலை வாச்சர் வேலை, பென்சன் பொலிஸ்காரன் ஒருத்தன்…"

"உதைத்தான் எனக்கும் சொன்னவர்" என்றா. "நீங்கள் துவக்குப் பார்க்க வாறேல்லை, தன்னைப் பார்க்கத்தான் வாறீங்கள் எண்டு அவருக்குத் தெரியும் நானா. 'நானாவுக்கு என்னிலை சந்தேகம், ஒருநாளைக்குக் கேட்பார்' எண்டுவார். அப்ப வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோவன் எண்டு நான் சண்டை பிடிச்சனான். 'வரட்டும்' எண்டவர். சனிக்கிழமை எண்டால் விடிய எழும்பிச் சவரம் எடுத்து, நல்ல சேர்ட்டுப் போட்டு, யன்னலடியிலை நிப்பார். பூசைக்குக்கூட அந்த மனுசன் அப்பிடி வெளிக்கிட்டதில்லை."

கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் கேட்பேன் என்று நீங்கள் இருந்தீர்கள். நீங்கள் சொல்வீர்கள் என்று நான் இருந்தேன். இரண்டு பேரும் சரியான விசரர்கள். இப்போது கேட்கிறேன் அண்ணை. உம்மாவுக்கு முன்னால் நீட்டின அந்தக் கை உங்களுடையதா?

இல்லையென்றால், ஒரு பாவமும் அறியாத மனுசனை இத்தனை வருசம் நான் சோதித்திருக்கிறேன். ஓமென்றால், மன்னிக்க எனக்கு உரிமையில்லை. அது உம்மாவுடையது, உம்மா மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டா. ஆனால் நீங்கள் ஓம் என்று சொல்லியிருந்தால் நான் வராமல் இருந்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். கத்தியிருப்பேன், கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போயிருப்பேன். பிறகு ஒருநாள் வந்திருப்பேன், அண்ணை. உங்களில் உள்ள கோபத்தைவிட அதுதான் என்னைப் போட்டுத் தின்கிறது. உம்மாவை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சனிக்கிழமை வந்தால் எனக்குப் போக ஒரு இடமில்லை.