வெட்டித் தந்த பீட்சா

சிங்கப்பூர்
12.3.1986

அன்புள்ள தங்கமணிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். மரப்பட்டறையில் வலது கை ரம்பத்தில் பட்டுவிட்டது. இடது கையால் எழுதுகிறேன்.

நேற்று, கூட வேலை செய்யும் உமாபதி பீட்சா கடைக்கு அழைத்துப் போனான். கத்தியும் முள்கரண்டியும் வைத்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்தேன்.

“நான் வெட்டித் தர்றேன்லா, அண்ணே” என்றான்.

தலைகுனிந்து சாப்பிட்டேன். நம் ஊர் அசாம் ஜாவாவில், கடையில் சுடச்சுடப் போடும் ரொட்டி சானாய் ஞாபகமாகவே இருந்தது. ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நான்தான் பிய்த்துப் போடுவேன். “ஒங்களுது ஆறிப்போவுதுங்க” என்று நீ சொல்லிக்கொண்டே இருப்பாய். அந்த ருசி இங்கே எதிலும் இல்லை.

ரொம்பக் களைத்துவிட்டேன். இனி இங்கே எனக்கு வேலையும் இல்லை. சனிக்கிழமை வருகிறேன். பஸ் ஸ்டேண்டுக்கு நீ மட்டும் வா, பிள்ளைகள் வேண்டாம். சட்டையின் வலது கையை மடித்து ஊக்குக் குத்தியிருப்பேன். முதலில் நீ பார்த்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்