ரெண்டே முக்கால் கிலோ

முறைக்காதே. நான் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. நீ செத்து நாலு வருஷமாகியும் உன் முறைப்பு மட்டும் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்கிறதே!

இன்று முகப்பேர் டாக்டரம்மா நம் பேத்தியை எடை மிஷினில் கிடத்தினார். தாத்தா ஏதாவது கலாய்ப்பார் என்று நம் மகள் என் வாயைப் பார்த்தாள். நான் எடையைப் பார்க்கவில்லை. மகள் முகத்தைத்தான் பார்த்தேன்.

எண்பதுகளில் இதே மகள் ஒரு மாசக் குழந்தை. உனக்குத் தாய்வீடு என்று யாரும் இல்லாததால், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அம்பத்தூரில் நம் வீட்டுக்கே வந்திருந்தாய். நம் பழைய பேப்பர் கடைத் தராசில் துண்டை விரித்து இவளைப் படுக்கவைத்தேன். தெருவே கூடி நின்றது. நான் உரக்கச் சொன்னேன்:

"ரெண்டே முக்கா கிலோ! இன்னாமே, பொறக்கசொல்ல மூணு கிலோ இருந்துச்சே, கால் கிலோவ நீ துன்னுட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய் என்றுதான் நினைத்தேன்.

அதற்கப்புறம் நீ தலை வாரவில்லை. குழந்தை அழுதால் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாய். பவுசு காட்டுகிறாய் என்று அதையும் கிண்டல் செய்தேன்.

ஒரு மத்தியானம் குழந்தையோடு கடைக்கு வந்தாய். "இவள உங்கக்கா எடுத்துகினு போவட்டும். எங்கிட்ட கீறதால கொறஞ்சிகினேதான் போறா. நான் அம்மாவா இருக்க லாயக்கில்ல. இருந்துதான் இன்னா பிரயோஜனம்?"

அழுகை இல்லை. நாளைக்குப் பால் வேண்டாம் என்று பால்காரனிடம் சொல்வது போல இருந்தது குரல். நான் தராசைக் காட்டிக் கத்தினேன்.

"அது கள்ளத் தராசுமே! ஊரை ஏமாத்த நானே பண்ணிவெச்சது!"

"என்னைத் தேத்தறதுக்குச் சொல்றே."

ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் தட்டில் போட்டேன். முக்கால் கிலோ காட்டியது. பேப்பர் போட வந்த பாய் வீட்டு அம்மா, "அட நாசமாப் போறவனே, மூணு வருசமா உனக்குத்தானேடா போட்டேன்!" என்று கத்தினாள். என் மானம் தெருவில் போனது. நீ உப்பையே பார்த்துக்கொண்டு நின்றாய். தராசு பொய் என்று தெரிந்தால் உனக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தது என் அடுத்த தப்பு.

நீ மறுபடியும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்ததால் உன்னைப் பூந்தமல்லிக்குக் கூட்டிப்போனேன். அங்கே லேடி டாக்டர்தான், "பிள்ளை பெத்தவங்களுக்கு வர்ற நோவு இது. அவங்க குத்தமில்ல. தனியா விடாதீங்க" என்று மருந்து எழுதினார். அரைமணிக்கொரு தரம் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன். உன் தலை தெரிந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

மாசக்கணக்காயிற்று. ஒருநாள் நீயே, "யோவ், திருடனாட்டம் எட்டியெட்டிப் பாக்கறியே, உள்ள வந்து புள்ளையப் புடி" என்றாய். எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. "மே, அன்னிக்கி நான் அப்டி சொன்னது..." என்று ஆரம்பித்தேன். இவளை என் கையில் திணித்துவிட்டு நீ குழாயடிக்குப் போய்விட்டாய்.

மன்னித்துவிட்டாயா, இல்லை என் பேச்சைக் கேட்கப் பிடிக்காமல் போனாயா? அத்தனை வருஷம் கூடவே இருந்தும் அதை உன்னிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்காவது நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போ. அன்னிக்கி நான் அப்டி சொன்னது... ஏய், இன்னாமே, எங்க போறே?