துணியா, உறுப்பா

2024 ஜூன் 11, செவ்வாய்
காலையிலிருந்து மூட்டம். மருமகள் சுகுணாவின் சரக்குப் பெட்டியைச் சென்னைத் துறைமுகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் அவள் நடத்தும் பெண்கள் உள்ளாடைக் கடைக்குச் சீனாவிலிருந்து வரவழைத்தது. புற்று வந்து மார்பு எடுத்த பொம்பளைகள் போடுகிற பாடி. உள்ளே ஒரு பை, பைக்குள் வைக்க ரப்பர் மார்பு. செயற்கை உறுப்பு என்றால் வரி குறைவு, துணி என்றால் கூடுதல். கஸ்டம்ஸ் ஆபீசர் துணி என்கிறார். விலை ஏறினால் யார் வாங்குவார்கள், கடையில் போட்ட பணத்தில் பாதி அதில்தான் என்று அழுதாள். அழட்டும்.

ஜூன் 14, வெள்ளி
பெட்டியை எடுத்துக் கொடுக்கும் ஏஜெண்டு அருள்சாமி போனில் ஒரு வழி சொன்னாராம். மார்பு இழந்த ஒருத்தி, இது எதற்கு வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டும் வைத்தால் ஆபீசர் ஒத்துக்கொள்ளலாம்.
"உங்கள உட்டா எனக்கு யாருங்க அத்தை இருக்காங்க?"
பதிமூன்று வருஷத்துக்கு முன்னால், சேலத்தில் என் இடது மார்பை எடுத்துப் பதினெட்டாம் நாள். இவள் பிள்ளை பெற்று வந்திருந்தாள். பேத்தியைத் தூக்கக் கை நீட்டினேன். "குடுக்காதீம்மா, புண்ணு நாறுது" என்றாள் அவள் அம்மாவிடம், என் காதுபட. வியாழக்கிழமை. பச்சைச் சேலை.
எழுத மாட்டேன் என்றேன்.

ஜூன் 15
எழுத மாட்டேன்.

ஜூன் 19, புதன்
ஊருக்குத் தெரியாமல் இத்தனை நாள் காத்தேனே. நாகலூர் எஸ்டேட்டில் களை வெட்டப் போகும்போது துணிப்பையில் கேழ்வரகை நிரப்பி இடப்பக்கம் வைத்துக்கொள்வேன். ஒரு ஆடியில் மூன்று நாள் விடாத சாரல். அவிழ்த்துப் பார்த்தால் முளை விட்டிருந்தது. தனியாகச் சிரித்தேன் — சிரிப்பா அது? அப்புறம் ஆற்று மணல். கனம் சரியாக இருந்தது. தோளை அறுத்தது.
"ஏனுங்க அத்தை, எம்மேல கோவமா?" என்றாள் இன்றைக்கு. கிழமையோடு, சேலையோடு சொன்னேன். "எனக்கு ஞாபகமே இல்லீங்களே" என்றாள்.
அது இன்னும் மோசம்.

ஜூன் 24, திங்கள்
ஆபீசர் ஏஜெண்டிடம் கேட்டாராம்: "இது இல்லாமயே அந்தப் பொம்பளைங்க நடக்கலாம், வேலை செய்யலாமே. அப்புறம் எப்படி உறுப்பு?"
உடம்பெல்லாம் எரிந்தது. எழுதிவிட்டேன். சுகுணாவுக்காக இல்லை, அவனுக்காக. அஞ்சாங்கிளாஸ் எழுத்துத்தான். 'ஐயா, ஒரு பக்கம் கனம் இல்லாமல் மலை இறங்கிப் பாருங்கள்.' கேழ்வரகை எழுதினேன், மணலை எழுதினேன்.

ஜூலை 1, திங்கள்
அந்தக் கடிதத்தைப் பஜாரில் டைப் அடிக்கக் கொடுத்திருக்கிறாள் சுகுணா, புத்திசாலி. அங்கே டைப் அடிக்கும் அமுதா எல்லாரும் கேட்க வாய்விட்டுப் படித்தாளாம்.
டீக்கடைக் கந்தசாமி என் ஜாக்கெட்டையே பார்க்கிறான். "ஆயா, இந்த வருசம் ராகி வெள்ளாமை எப்படிங்க?"
"ஏன், உன்ற ஊட்டுல வந்து வெதைக்கட்டுமாடா?"
அமுதா, கந்தசாமி. இரண்டு பேரையும் மறக்க மாட்டேன்.

ஜூலை 18, வியாழன்
உத்தரவு வந்துவிட்டது. ரப்பர் மார்பு உறுப்பாம். அதைத் தாங்குகிற பாடி, பை தைத்திருந்தாலும் துணிதானாம். பிரித்துத் தனித்தனி வரி. என் கடிதத்துக்கு ஒரே சொல்: 'பார்வையிடப்பட்டது.' மானத்தைப் பிட்டு வைத்தேன், பார்வையிட்டிருக்கிறார்.
பெட்டி வந்தது. சுகுணா என் கட்டிலில் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். தொடவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்
இதுவரை ஒன்றுகூட விற்கவில்லை. இன்று மஞ்சக்குட்டையிலிருந்து வள்ளி என்று ஒருத்தி, முப்பதுகூட இருக்காது, என்னைக் கேட்டுக்கொண்டு கடைக்கு வந்திருக்கிறாள். பஜாரில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் வழி சொன்னார்களாம். சுகுணா ஆள் அனுப்பினாள். போனேன்.
திரைக்குப் பின்னால் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அளவெடுக்க விடவில்லை. "பஞ்சுதானுங்க வெச்சிருக்கறேன். நடந்தா மேல ஏறிக்குது. புருசனுக்கே இன்னும் காட்டலீங்க."
"நான் மட்டும் யாருக்குக் காட்டினேன், கண்ணு?"
ஜாக்கெட் ஊக்குகளைக் கழற்றினேன். வள்ளி பார்த்தாள். மெல்ல முந்தானையை விட்டாள்.
சுகுணா அளவு டேப்பை வைத்துவிட்டு வெளியே நழுவினாள்.
"எங்க போற? நில்லு. பாரு."
நின்றாள். பார்த்தாள்.