துவக்கும் சப்பாத்தும்

மே 10, சனி

மழை. ஏழு பாகை. மே மாதமாம்.

காலையில் துவக்குக் கடை. வேட்டைப் பரீட்சை குளிர்காலத்திலேயே பாஸ். இனி துவக்கைத் தெரிவு செய்ய வேண்டும். தெரிவு செய்த பிறகுதான் பொலிசுக்கு விண்ணப்பம். எந்த வகை, எதற்கு என்று எழுதிக் கேட்க வேண்டும்.

எல்லாம் ஓட்வாரால் (இனி ஓ.) வந்தது. டிராம் பட்டறையில் என்னோடு வேலை செய்பவன். அவனுடைய எல்க் மான் வேட்டைக் குழுவில் ஒருவர் முழங்கால் தேய்ந்து விலகிவிட்டார். செப்டெம்பர் கடைசியில் ஒரு கிழமை, கிழக்கே காட்டில். "நீ வருகிறாயா?" டிராம் சில்லுக்குக் கீழே படுத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் கேட்டான். இந்த நாட்டுக்கு வந்து தலை நரைத்துவிட்டது. ஒரு நோர்வேக்காரன் என்னை ஓர் இடத்துக்கு வா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. நானும் முகம் காட்டாமல் ஓம் என்றேன். நல்ல காலம், கண்ணை அவன் பார்க்கவில்லை.

கடைக்காரர் முதலில் போல்ட் துவக்கைத் தந்தார். ஒவ்வொரு வெடிக்கும் கையால் பின்னே இழுத்து முன்னே தள்ள வேண்டும். மூன்றாவது இழுப்பில் வலது தோள் கத்தியது. ஒப்பரேஷன் செய்த தோள். பிறகு அரைத் தானியங்கி ஒன்று. செமி என்கிறார்கள். ஒரு வெடி வைத்தால் அடுத்த தோட்டா தானாக ஏறும். உதையும் குறைவாம்.

பக்கத்தில் நின்ற ஒரு தாடிக்காரர், யாரும் கேட்காமலே: "முதல் துவக்கே செமியா? முதல் வெடி சரியாக வைக்கத் தெரிந்தவனுக்கு இரண்டாவது எதற்கு?"

என் தோளை அவருக்குக் கழற்றியா காட்ட முடியும்.

பார்க்க வேண்டியவை:
– எடை. காட்டில் நாள் முழுக்கத் தூக்க வேண்டும்.
– தோளில் வைக்கும் கட்டையின் நீளம். இங்கே எல்லாம் ஆறடி ஆட்களுக்குச் செய்தவை. எனக்குத் தாடை எட்டவில்லை.
– தோட்டா அளவு: முந்நூற்றெட்டா, ஆறரையா.
– கழற்றித் துடைக்க லேசா. செமி அழுக்குப் பிடித்தால் இறுகும்.
– வேட்டைக்கு அனுமதித்த மாதிரியா. எல்லாச் செமியும் கூடாது.
– சூட்டுக் களத்தில் இலக்குச் சுடவும் அதே போதுமா. (ஓ.: "போதும். இரண்டு வைத்திருப்பவனை மனைவி விட்டுவிடுவாள்." என்னை ஒன்றும் இல்லாமலே விட்டுவிட்டாள்.)

விளம்பரப் புத்தகம் ஒன்று தந்தார்கள். பை நனைந்துவிட்டது. புத்தகம் நனையவில்லை.

மே 11, ஞாயிறு

முதியோர் இல்லம். வழக்கம்போல அறை வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே. இங்கே யாரும் கழற்றுவதில்லை, நீலப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். எனக்கு அது அப்பாவின் வீடு. சப்பாத்தோடு போகக் கால் வராது.

அப்பா இன்று என்னை அடையாளம் கண்டார். பெயர் சொல்லவில்லை, "தம்பி" என்றார். போதும். நான் இங்கே கூப்பிட்ட பிறகு படித்த நோர்வே மொழி அவருக்கு முழுதாகப் போய்விட்டது. தமிழிலும் ஊர் மட்டும்தான் மிச்சம். அம்மா சமையல்கட்டில் நிற்கிறாள் என்று நினைக்கிறார். நான் திருத்துவதில்லை.

அவர் கண் மூடியிருந்த நேரம் விளம்பரப் புத்தகத்தைப் பிரித்தேன். அது என் பிழை. நிமிர்ந்தால் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஆர் தந்தது உது?"

"கடையில எடுத்தது அப்பா."

"பெடியளோ தந்தவங்கள்?" பெடியள் என்றால் ஊரில் இயக்கக்காரர்.

"இல்லை அப்பா. இது மான் சுட."

"முதல்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது."

கையைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பலம் எங்கே இருந்ததோ.

மே 17, சனி

தேசிய தினம். வெயில். பியோர்ண்டால் பள்ளிக்கூட ஊர்வலம், பிள்ளைகள், கொடிகள், ஐஸ்கிரீம். அப்பாவைச் சக்கர நாற்காலியில் ஜன்னலருகே வைத்தோம். பாண்டு வாத்தியம் கேட்டதும் நடுங்கத் தொடங்கினார். ஜன்னலை மூடினோம்.

வெளிக்கிட்டால் சப்பாத்து இல்லை. வாசலில், நடையில், பக்கத்து அறையில், எங்கும் இல்லை. கவிதாதான் கண்டுபிடித்தாள். இல்லத்தில் வேலை செய்யும் பெண், மதுரைப் பக்கம். அப்பாவின் அலுமாரியில், கம்பளிச் சட்டைகளுக்கு அடியில்.

"அண்ணா, அப்பாதான் வச்சிருக்காங்க. நடக்கவே முடியாதவர் எப்படி எந்திரிச்சார்னே தெரியல. எதுக்குண்ணா ஷூவ ஒளிக்கிறாங்க?"

சிரித்து மழுப்பினேன். அவளுக்கு எப்படிச் சொல்வது.

எனக்குப் பதினாறு வயது. வகுப்பில் பாதி வாங்குகளில் உட்கார ஆளில்லை. ஒவ்வொரு கிழமையும் ஒருவன் வரவில்லை, வீட்டிலும் இல்லை. அப்பா என் செருப்பையும் சைக்கிள் பூட்டின் திறப்பையும் ஒளித்து வைத்தார். வெறுங்காலோடு எவனும் இயக்கத்துக்குப் போகமாட்டான் என்பது அவருடைய கணக்கு. எனக்குப் போகும் எண்ணமே இருந்ததில்லை. நான் பயந்தாங்கொள்ளி. அதை அவர் நம்பவில்லை. காணியை விற்று ஏஜென்சிக்காரனிடம் கொடுத்து என்னை இந்தப் பனிக்குள் அனுப்பிவைத்தார். நான் துவக்குத் தூக்கக் கூடாது. அதற்காக மட்டும்.

இப்போது நான் முந்நூற்றெட்டா ஆறரையா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 7, சனி

சூட்டுக் களம். ஓ. ஒழுங்கு செய்தான். களத்துச் சங்க அங்கத்தவர்களுடைய துவக்குகளை வாங்கி, பக்கத்தில் ஆள் நிற்க, சுட்டுப் பார்த்தேன்.

கனமான செமி: உதை தெரியவே இல்லை. ஆனால் கல்லைத் தூக்கியது போல. இலேசானது: தோளில் இடித்தது. மூன்றாவது, நடுத்தரம், கட்டையில் துண்டு கழற்றிக் குட்டையாக்கலாம். முந்நூற்றெட்டு. அந்தத் தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும், இலக்குக்கும் எல்க்குக்கும் பொது. மகசினில் வேட்டைக்கு அளவாகத்தான் தோட்டா போடலாம். தாடை எட்டியது. தோள் கத்தவில்லை.

இதுதான். தெரிவு முடிந்தது.

ஒன்று எழுத வேண்டும். காதுமூடியை மாட்டி, மூச்சை விட்டு, விசையை மெதுவாக அழுத்தும் அந்த நேரத்தில் தலைக்குள் யாரும் இல்லை. அப்பா இல்லை. போனவள் இல்லை. வெள்ளைக் கடதாசியும் கறுப்பு வட்டமும் மட்டும். பல வருடமாக எனக்கு இந்த நிம்மதி கிடைக்கவில்லை. அது துவக்கில்தானா கிடைக்க வேண்டும்?

மாலையில் அக்காவின் போன், துரொண்ட்ஹெய்மில் இருந்து. விளம்பரப் புத்தகத்தைப் பார்த்த கவிதா அவளிடம் சொல்லிவிட்டாள் போலும்.

"உனக்கென்ன விசரே? அப்பா அங்கை கிடந்து நடுங்குறார். நீ துவக்கு வாங்கப் போறியாம்."

"அது வேட்டைக்கு அக்கா. இஞ்சை எல்லாரும்..."

"இஞ்சை எல்லாரும் எண்டு சொல்லாத. நாங்கள் இஞ்சத்தை ஆக்களோ? உந்த எல்க் எண்டுறது என்ன, மாடோ மானோ?"

"மான்தான். குதிரை அளவு."

"ஐயோ. அதை எங்கை வைக்கப் போறாய்?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளாலும்.  விண்ணப்பத்தை மத்தியானமே அனுப்பிவிட்டேன் என்று நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

அனுமதி வந்துவிட்டது. மறுத்துவிடுவார்கள் என்று எங்கோ ஓர் ஆசை இருந்தது. மறுத்திருந்தால் ஓ.விடம் பொலிசைத் திட்டியிருக்கலாம்.

துவக்குக்கான இரும்புப் பெட்டியைச் சுவரில் இறுக்க வேண்டும், அது சட்டம். வீட்டில் கொங்கிறீட் சுவர் உள்ள இடம் ஒன்றுதான்: அப்பாவின் அறை. இல்லத்துக்குப் போகுமுன் அவர் படுத்த அறை. அவருடைய வேட்டிகள் இன்னும் அலுமாரியில். துளை போட்ட தூள் முழுக்க அவற்றின் மேல். தட்டித் தட்டி மடித்தேன். வெள்ளைத் தூள் வெள்ளை வேட்டியில் தெரியவில்லை, கையில்தான் நறநறக்கிறது.

மனம் விட்டுப்போய்விட்டது. இருந்தாலும் ஆணியை இறுக்கினேன்.

ஆகஸ்ட் 23, சனி

துவக்கு வீட்டில். பெட்டிக்குள். பூட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

பின்னேரம் இல்லம். சப்பாத்து மறுபடி காணாமல் போனது. இந்தத் தடவை கவிதாவுக்கு லீவு, யாருக்கும் இடம் தெரியவில்லை. அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நித்திரை நடிப்பு. சொக்ஸோடு பஸ் ஏறினேன். மழை. எதிரே இருந்த கிழவி என் காலைப் பார்த்துவிட்டுத் தன் பையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

செப்டெம்பர் 6, சனி

பெரிய மிருக வேட்டைக்கு வருடா வருடம் வேண்டிய சூட்டுப் பரீட்சை, பாஸ். ஐந்து வெடியும் உள்ளே. ஓ. முதுகில் தட்டினான், நோகிற தோளில். அந்தத் தாடிக்காரரும் அங்கே. "ம், செமிக்குப் பரவாயில்லை" என்றார். அவருடைய உயர்ந்தபட்சப் பாராட்டு அதுதானாம்.

சந்தோஷம் இல்லத்து வாசல் வரைதான் தாங்கியது. கவிதா நடையில் மறித்தாள்.

"அண்ணா, அப்பா நாலு நாளா சாப்பிடவே மாட்டேங்கறாங்க. வாய இறுக்கி மூடிக்கறாங்க. பையன் வந்தாத்தான் சாப்பிடுவேங்கறாங்க."

"நான் வந்திட்டன்தானே."

"நீங்க வந்தாலும் அதையேதான் சொல்றாங்க."

சூப் கரண்டியை நீட்டினேன். தலையைத் திருப்பிக்கொண்டார்.

"தம்பி இன்னும் வரேல்லை. கூட்டிக்கொண்டு போயிட்டாங்கள்."

செப்டெம்பர் 14, ஞாயிறு

டொக்டர் சொல்வது: இந்த மறதி நோயின் கடைசிக் கட்டம் இப்படித்தான், சாப்பாடு நிற்கும், உங்கள் வேட்டைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அன்பான பெண். நம்ப ஆசைப்பட்டேன்.

அக்கா வந்து இரண்டு நாள் நின்றாள். ஒரு கரண்டிச் சாப்பாடு கூட உள்ளே போகவில்லை, தாதிமார் கொடுக்கும் பழச்சாறு இரண்டு மடக்கு மட்டும். போகும்போது இரும்புப் பெட்டியைப் பார்த்தாள். தொடவில்லை. "வித்துப்போடு" என்று மட்டும் சொன்னாள்.

விற்பதா? இரண்டு முறை ஓ.வின் எண்ணை எடுத்தேன். வரவில்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொன்னால் அவன் ஒன்றும் நினைக்கமாட்டான். அடுத்த வருடம் வேறு யாரையாவது கேட்பான். நான் இருந்தாலென்ன போனாலென்ன என்று அப்பா படுத்திருப்பார். அவர் காத்திருப்பது எனக்காக அல்ல, பதினாறு வயதுக்காரனுக்காக. அவனை நான் எங்கே போய்த் தேடுவேன்?

எண்ணை அழுத்தவில்லை. கோழைத்தனமா பிடிவாதமா தெரியாது.

செப்டெம்பர் 24, புதன்

தெளிந்த வானம், நல்ல குளிர். நாளை எல்க் வேட்டை தொடங்குகிறது. வீட்டுக்குப் போய்த் துவக்கை எடுத்துக்கொண்டு ஓ.வோடு புறப்பட வேண்டும். இதை இல்லத்துக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். 

வேட்டை உடுப்போடே போய்விட்டேன். பச்சைச் சட்டை, பச்சைக் காற்சட்டை, தொப்பி. அது எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அப்பா என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். முடியவில்லை. படுத்தபடியே இரண்டு கையையும் கூப்பினார்.

"தம்பி, உங்களைக் கும்பிட்டன். என்ரை மகன் படிக்கிற பெடியன். ஒண்டும் தெரியாது அவனுக்கு. விட்டுடுங்கோ."

என்னை எந்தப் பக்கத்து ஆள் என்று நினைத்தாரோ. ஊரில் ஆமியும் இயக்கங்களும், எல்லாரும் பச்சை உடுப்புத்தான் போட்டார்கள். "அப்பா, நான்தான்" என்று வாய்வரை வந்தது. சொல்லிச் சொல்லி ஒன்றும் ஆகவில்லையே.

"விட்டிட்டம் ஐயா. வீட்டுக்குப் போயிட்டார்."

"எப்ப?"

"இப்பதான்."

"வெறுங்காலோட போயிருப்பான். செருப்பை நான்தான் ஒளிச்சு வைச்சனான்."

"இல்லை ஐயா. செருப்புக் குடுத்துத்தான் விட்டனாங்கள்."

வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு மூச்சு விட்டார். கவிதா சூப் கொண்டுவந்தாள். வாயைத் திறந்தார். கோப்பை முழுதும். "பாருங்கண்ணா, பாருங்க" என்று அவள் அழுதாள். நான் தொப்பியைக் கழற்றவில்லை, கழற்றினால் யார் என்று தெரிந்துவிடுமோ என்ற பயம்.

புறப்பட எழுந்து, பழக்கத்தில் அலுமாரியைத் திறந்தேன். கட்டிலுக்குக் கீழே குனிந்தேன்.

"என்ன தம்பி தேடுறியள்?"

"சப்பாத்து, ஐயா."

"அது வாசலிலை கிடக்கும். உங்கடை சப்பாத்தை ஆர் எடுக்கப் போகினம்?"