ஜூலை மாதத்துக் கணக்கு

எல்வ்நேசெட்,
அக்டோபர் 19

அன்புள்ள குன்வோர்,

உன் முழங்காலுக்கு அந்த ஊர் வெயில் ஒத்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. இங்கே நேற்று இந்த வருடத்தின் முதல் பனி விழுந்து மதியத்துக்குள் சேறாகிவிட்டது. காருக்குக் குளிர்காலச் சக்கரங்களை மாட்டிவிட்டேன். காட்டில் சிவப்பு லிங்கன் பழம் மூன்று வாளி கிடைத்தது. சர்க்கரை குறைத்துத்தான் ஜாம் கிளறினேன், கவலைப்படாதே.

இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஆல்கோத்தின் பெயரை எடுத்தாலே நீ அங்குள்ள ஆரஞ்சு மரங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறாய். காகிதத்தில் எழுதினால் நீ பேச்சை மாற்ற முடியாது.

பேக்கரியை நடத்துகிற நம் மகன் உனக்கு ஒரு பத்திரம் அனுப்பியிருக்கிறான். இந்த வாரம் வந்து சேரும். அங்குள்ள பழைய விறகு அடுப்பை மூடுவதற்கு உரிமையாளரான உன் கையெழுத்து வேண்டும், நவம்பர் பதினைந்துக்குள். அடுப்புக் கூடத்தைக் குளிர்காலத்தில் படகு நிறுத்த மாதம் பன்னிரண்டாயிரம் குரோனருக்கு ஒருவர் கேட்டிருக்கிறாராம். அதில் நடுவே துளை வைத்த ரொட்டி சுடுகிற ஆறு பேரும் வீட்டுக்குப் போவார்கள். உன் அப்பா கல் கல்லாகக் கட்டிய இடத்தில் கோடைக்கு மட்டும் வருகிறவர்களின் படகுகள் தூங்கும்.

கையெழுத்துப் போடாதே. காரணம் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

போன வியாழக்கிழமை காலைக் காப்பி நேரத்தில் கூட்டம். தொழிற்சங்கத்திடம் கணக்கைக் காட்டாமல் மூட முடியாது என்பதால் கூட்டினான், ஆசைப்பட்டு அல்ல. உன் சார்பில் கேட்டு வரும்படி நீதான் என்னை அனுப்பினாய். உணவறைக்குள் நுழைந்ததும் ஆல்கோத்தின் பட்டச் சான்றிதழ்தான் கண்ணில் படுகிறது. உன் அப்பாவின் ரொட்டிச் சட்டுவம் தொங்கிய அதே ஆணி. சட்டுவம் எங்கே என்று கேட்டேன். கிடங்கில் இருக்கிறதாம். நாற்பது வருடம் ரொட்டி எடுத்த பொருள் கிடங்கில்; நாலு வருடத்தில் வாங்கிய காகிதம் கண்ணாடிக்குள்.

சிக்கனம் என்று பன்னை நிறுத்திவிட்டான். பேக்கரியில், குன்வோர், காப்பிக்குப் பன் இல்லை. கடையில் வாங்கிய பிஸ்கட் வைத்திருந்தான். அதைக் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் அடுக்கியிருந்தான். அந்த இயந்திரத்தின் விலைக்கு ஊர் முழுவதற்கும் ஒரு வருடம் பன் கொடுக்கலாம்.

திரையில் வண்ணக் கட்டைகளைக் காட்டினான். மென்ரொட்டிக்கும் பன்னுக்கும் பச்சை. அடுப்புக்குச் சிவப்பு, தரைக்குக் கீழே போகிற சிவப்பு. மாதம் மூன்று லட்சத்துப் பத்தாயிரம் நட்டம் என்றான். "உணர்ச்சிவசப்பட வேண்டாம். எண்ணு பேசட்டும்" என்றான். எங்கிருந்தோ கற்றுக்கொண்ட கை அசைப்பு வேறு.

அடுப்புக்குப் பொறுப்பாக இருக்கிற சொல்வெய்கை உனக்கு நினைவிருக்கும். உன் அப்பா வேலைக்கு எடுத்த கடைசி ஆள். இப்போது ஐம்பத்தேழு வயது, சங்கத்துக்கும் அவள்தான் பிரதிநிதி. மார்ச்சில் இந்தப் பேச்சை முதன்முதலில் எடுத்தபோது அவள் ஏதோ கேட்டிருக்கிறாள். நம் பிள்ளை எல்லோர் முன்னாலும், "சொல்வெய்க், இது அடக்கவிலைக் கணக்கியல். அடுப்புக்கு முன்னாடி நின்னு பாத்தா புரியாது" என்றிருக்கிறான். அவள் ஏப்ரலில் விண்ணப்பம் போட்டாள். ஆகஸ்ட் முதல், மாவுக் கையோடு வாரம் மூன்று மாலை, நூலக மாடியில் கணினி முன் உட்கார்ந்து, அவன் படித்த அதே பல்கலைக்கழகத்தின் அதே பாடத்தைப் படிக்கிறாள். ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆல்கோத்துக்கு மட்டும் தெரியாது. அவன் யாரிடமும் எதையும் கேட்பதில்லையே.

கூட்டத்தில் அவள் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எந்த மாசத்து எண்ணு பேசுது, ஆல்கோத்?"

"போன வருஷம் ஜூலை."

யாரோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். பெர்த்தில் என்று லாரி ஓட்டுகிறவன் இருக்கிறானே, அவன் மெதுவாகச் சொன்னான்: "ஜூலையிலயா? ஜூலையில நாடே லீவுல இருக்கும், நாய்கூடக் குரைக்காதேப்பா."

"அதனாலதான் ஜூலை" என்றான் உன் மகன், பெருமையாக. "மத்த மாசத்துல பத்து நிமிஷத்துக்கு ஒருத்தர் கதவத் தட்டுவீங்க. அப்பதான் நிம்மதியா உக்காந்து அளக்க முடிஞ்சுது."

"நீ அளந்தப்ப பன் மெஷின் ஓடிச்சா?"

"லீவுதான. எப்படி ஓடும்?"

"மென்ரொட்டி?"

"அதுவும் லீவு."

"அப்ப கட்டடத்து இன்ஷூரன்ஸ், லாரித் தவணை, உன் சம்பளம், இதெல்லாம் யாரு தலையில போட்ட?"

"ஓடுற மணி நேரத்தப் பாத்துப் பங்கு போடணும். அதான் முறை."

"ஓடினது என் அடுப்பு ஒண்ணுதான். அதையும் நாங்க ஆசைக்கு ஓட்டல. அணைச்சா கல்லு வெடிச்சுரும்னு முறை வச்சு லீவு எடுத்து எரிய வச்சோம். எரிஞ்சதுக்குத் தண்டனையா?"

அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எண்ணுக்கு லீவு கெடையாது, சொல்வெய்க்."

லாரிக்காரன் பெர்த்தில் பிஸ்கட்டை உடைத்தபடி, "எண்ணுக்கு இல்லதான். எண்ணுனவனுக்கு இருந்திருக்கு" என்றான். அறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், சொந்த மகனைப் பார்த்து.

உனக்குக் கணக்குப் பிடிக்காது. ஆனால் ஏரிக்கரை வீட்டை உனக்குத் தெரியும். நீயும் உன் உடன்பிறந்தவர்களுமாக எட்டுப் பேர் பங்கு. பிப்ரவரியில் உன் தம்பி மட்டும் போய்ப் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிறான். அந்த மாதம் வீட்டில் இருந்தது அவன் ஒருவன்தான், ஆகவே கூரைச் செலவு, காப்பீடு, வரி எல்லாம் அவனுக்கே என்று சீட்டு அனுப்பினால் எப்படி இருக்கும்? அதையும் காட்டி, "உன்னால் எங்களுக்கு எவ்வளவு செலவு பார், வெளியே போ" என்றால்? அவன் போன பிறகு கூரை சின்னதாகிவிடுமா? அதே கூரைக்கு ஏழு பேர் கொடுப்பீர்கள். அவ்வளவுதான் நடக்கும்.

பேக்கரியிலும் அதே கதை. பொதுச்செலவு மாதம் நான்கு லட்சம். மற்ற மாதங்களில் வேலை நேரத்தில் அடுப்பின் பங்கு எட்டில் ஒன்று. அதன் தலையில் விழுவது ஐம்பதாயிரம். மாவு, விறகு, கூலி போக அடுப்பு தொண்ணூறாயிரம் மிச்சம் பிடிக்கிறது. ஜூலையில் நான்கு லட்சமும் அதன் மேல் சாய்ந்தது. மூடினால் அந்த நான்கு லட்சம் எங்கேயும் போகாது. இந்தத் தொண்ணூறாயிரம்தான் போகும். அதற்குப் பதில் படகுக்காரரின் பன்னிரண்டாயிரம். என் வகுப்பின் பதினேழு வயதுப் பிள்ளைகள் இதைக் கால் மணி நேரத்தில் கண்டுபிடிப்பார்கள். இதைக் கண்டுபிடிக்காதவன் உணவறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறான்.

இதுவரை நான் எழுதியதைப் படித்து நீ கோபப்பட்டிருப்பாய். பெற்ற பிள்ளையை இப்படியா என்று. படு. ஆனால் இனிமேல் எழுதப்போவதற்கும் கொஞ்சம் மீதி வை.

சிரிப்பு அடங்கியதும் சொல்வெய்க் என் பக்கம் திரும்பினாள். "ஹெல்மர், நீங்க முப்பத்தோரு வருஷம் இதச் சொல்லிக் குடுத்தவரு. நான் பேசறது தப்பா?" என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம், இல்லை என்ற இரண்டு சொற்களில் ஒன்று போதும். நான், "வீட்டுல போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். என் வகுப்பில் ஒரு மாணவன் இப்படிச் சொல்லியிருந்தால் எழுப்பி நிற்க வைத்திருப்பேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், ஆல்கோத் என்னைப் பார்த்த பார்வை. கூட்டம் முடிந்து நடைவழியில் வந்து என் கோட்டை எடுத்துக் கொடுத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது உங்க அத்தியாயம்தானப்பா. நீங்க எழுதுனத அப்படியே போட்டேன். எங்க தப்பு வந்துச்சுன்னு எனக்குத் தெரியலயே" என்றான். கேலி இல்லை, குன்வோர். உண்மையாகவே தெரியாமல் கேட்டான். முப்பத்தாறு வயதில், ஒன்பது வயதுக் குரலில்.

அவன் பல்கலைக்கழகத்தில் இருந்த கடைசி வசந்தம் நினைவிருக்கிறதா? நான் இரவுணவுக்குப் பிறகு மேல் அறையில் உட்கார்ந்து பாடத்திட்டம் தயாரிக்கிறேன் என்று சொன்னேனே. பாடத்திட்டம் இல்லை. அவனுடைய இறுதிக் கட்டுரையில் பொதுச்செலவைப் பங்கிடுவது பற்றிய அத்தியாயத்தை நான் எழுதினேன். அதற்கு முன் இரண்டு வருடம் வீட்டுப்பாடங்களையும் நான்தான் செய்து அனுப்பினேன். முதல் முறை அவன் கேட்டான். பிறகு கேட்பதற்கு முன்னாலேயே அனுப்பிவிட்டேன். பேக்கரிக்கு ஒரு பட்டதாரி வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். அவன் தோற்றால் என் மகன் என் பாடத்திலேயே தோற்றான் என்று ஆசிரியர் அறையில் பேசுவார்களே என்று நான் பயந்தேன். நன்றாகத் தேறினோம், இருவரும்.

அன்றிரவே அந்த அத்தியாயத்தை எடுத்துப் படித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எந்த மாதத்தை எடுக்க வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றியிருக்காது. குளிக்கும் முன் சட்டையைக் கழற்று என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் தானே குளித்துப் பழகாதவனுக்கு அதையும் எழுத வேண்டியிருக்கிறது.

ஆகவே, மேலே அவனைப் பற்றி நான் எழுதிய ஏளனம் எல்லாவற்றையும் யார் மேல் போட வேண்டுமோ அவர் மேல் போட்டுப் படித்துக்கொள். பங்கீட்டில் தவறு செய்தது நான்தான்.

செப்டம்பரில் ஒரு நாள், சொல்வெய்க் நூலகத்தில் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்று பார்த்தேன். மூன்றாவது வரியில் பிழை. பழக்க தோஷம், பென்சிலை நீட்டினேன். அவள் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு, "கை வைக்காதீங்க ஹெல்மர். என் தப்பு எனக்கு வேணும்" என்றாள். அன்றைக்கு அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வியாழக்கிழமை முதல் வேறெதுவும் காதில் விழவில்லை.

இத்துடன் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். அடுப்பின் பன்னிரண்டு மாதக் கணக்கு. பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாக அவளே செய்தது, மதிப்பெண் போட்டு வந்திருக்கிறது. நான் ஓர் எண்ணையும் தொடவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது, அதையும் அப்படியே விட்டிருக்கிறேன். முடிவு அதனால் மாறாது.

திங்கட்கிழமை காப்பி நேரத்துக்குப் போகிறேன். சொல்வெய்க் கேட்டதற்கு எல்லோர் முன்னாலும் பதில் சொல்வேன். அத்தியாயத்தைப் பற்றியும் சொல்வேன். நேற்று ஆல்கோத்திடம் இதைச் சொன்னேன். அவன், "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். இனிமேல் தெரியும் என்றேன். இன்று காலை காரில் பேக்கரியைக் கடந்தபோது அவன் அடுப்புக் கூடத்தில் சொல்வெய்க் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கையில் கோப்பு இல்லை. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வண்டியை நிறுத்தி இறங்கிப் போய் விளக்கலாம் என்று கை துடித்தது. நிறுத்தவில்லை.

நீ அவன் மேல் கோபப்பட்டு எழுதாதே. பட்டத்தை இறக்கு என்றும் எழுதாதே. அதை அவனே முடிவு செய்யட்டும். பத்திரத்தை மட்டும் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பு. ஒரு வரி எழுதினால் போதும்: முழு வருடத்துக்கும் நீயே உட்கார்ந்து போட்டுக்கொண்டு வா என்று. பதிமூன்று வருடமாக அவன் தவறுகளை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை அவனுக்குத் திருப்பிக் கொடுக்க என்னால் தனியாக ஆகவில்லை. நீயும் ஒரு கை பிடி.

துளை ரொட்டி நான்கு பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். தபாலில் உடைந்திருந்தாலும் சாப்பிடு, இந்த வாரத்து அடுப்பில் சுட்டதுதான். உன் முழங்கால் நன்றாகட்டும். குணமானதும் ஒருமுறை வந்து பார், அடுப்பு எரிகிறபோதே.

என்றும் உன்னுடைய,
ஹெல்மர்