யானைப் படத்தை எங்கே ஒட்டுவது

பேத்தி பசை டப்பாவைத் திறந்தாள். அந்த வாசம் வந்ததுமே எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லைங்க.

போன வாரம் எல்.கே.ஜி.யில் ஓர் அட்டை கொடுத்தார்கள். காடு, குளம், மரம், பொந்து எல்லாம் வரைந்திருந்தது. மிருகங்களை வெட்டி, அதது இருக்கிற இடத்தில் ஒட்ட வேண்டும். மகனும் மருமகளும் கம்பெனிக்குப் போயிருந்தார்கள். அஞ்சாவது வரைக்கும் படித்தவளாயிற்றே, இதற்குப் போய் யாரையாவது கேட்பேனா! மீனைக் குளத்திலும் எலியைப் பொந்திலும் ஜம்பமாக ஒட்டவைத்தேன்.

"ஆயா, யானை எங்க இருக்கும்?"

என் கை நின்றுவிட்டது. சூளகிரிப் பக்கத்து நம் ராகிக் கொல்லையில் உங்களை மிதித்துக் கொன்றது அதுதானே.

"அதுக்கு எடமே கெடையாது. எங்கியும் இருக்கக் கூடாது. உங்க தாத்தாவே சொல்லியிருக்காரு" என்றேன்.

நீங்களா சொன்னீர்கள்? பயிரைத் தின்ன வந்ததைக்கூட, "போ சாமி, வயிறு ரொம்பிடுச்சில்ல, போ" என்று கும்பிட்டு அனுப்பிய ஆள். நான் திட்டினால், "நம்ம கொல்லைக்கு முந்தியே அது இந்த வழியில போயிட்டிருந்துச்சுடி" என்பீர்கள். "அப்ப அதும் பேருக்கே பட்டா எழுதிக் குடுத்துருங்க" என்பேன். சிரிப்பீர்கள்.

மறுநாள் வகுப்பில் பேத்தி யானைப் படத்தைக் கிழித்துப் போட்டு, "எங்க தாத்தாவுக்கு யானை புடிக்காது" என்றாளாம். மிஸ் என்னைக் கூப்பிட்டு விசாரித்தாள். "எங்கூட்டுக்காரர மிதிச்சதும்மா அது. எனக்கே பாடம் சொல்றியா?" என்று கத்தினேன். ஜெயித்தவள் மாதிரி வெளியே வந்தேன். கேட்டருகே பேத்தி கேட்டாள்: "தாத்தா ரொம்பக் கோவக்காரரா ஆயா?"

உங்களைப் பார்த்தே அறியாத குழந்தை. நான் சொல்கிற தாத்தாதான் அவளுக்குத் தாத்தா. உங்களை இப்படியா ஆக்கிக் கொடுப்பேன்?

இன்று மிஸ் வேறொரு யானைப் படம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். பேத்தி பசை தடவிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"காட்டுல ஒட்டு கண்ணு. தாத்தா அத சாமின்னுதான் கூப்புடுவாரு."

"அப்ப அன்னிக்கு சொன்னது?"

"நாந்தான் சொன்னேன். தாத்தா பேர்ல பொய் சொல்லிட்டேன்."

அவள் காட்டில் ஒட்டி, விரலால் அழுத்தினாள்.

என் கோபம் இன்னும் தீரவில்லைங்க. உங்கள் மனசு எனக்கு வரவும் வராது. ஆனால் அந்தக் கோபம் என்னுடையது. இனிமேல் அது என் பேரிலேயே இருக்கட்டும்.