விறகுக் கொட்டிலில் ஒரு கட்டில்

சாய்ந்தமருது
14.01.2024

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் கதைத்தால் நமக்குச் சண்டைதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே கதைக்க முடியாது.

எனக்குக் கனடா விசா வந்த சந்தோசத்தில் தொதல் கிண்டி அக்கம்பக்கமெல்லாம் கொடுக்க இருந்தேன். அந்த நேரம் பார்த்து, "இனியாவது என்ட வீட்டுக்கு வந்து இரி புள்ள" என்றீர்களே, எப்படி மச்சான் வாய் வந்தது? உங்கட வீடாம்! நம் ஊரில் எந்தப் பெண் மாப்பிள்ளை வீட்டில் போய் இருந்திருக்கிறாள்? நீங்கள்தானே கல்யாணத்தன்று வெள்ளைச் சட்டையும் வியர்வையுமாக என் வாசலில் வந்து நின்றீர்கள்? சுனாமிக்குப் பிறகு வாப்பா கடைசி மூச்சு வரை பாடுபட்டு எனக்கென்று கட்டிய வீடு இது. இதை விட்டுவிட்டு உங்கள் அறையில் வந்து ஒண்டிக்கொள்ள நான் என்ன வாடகைக்கு வாறவளா?

உம்மாவிடம் சொன்னேன். "என்னகா, மாப்பிள்ளக்கு குளிரு மண்டைக்குள்ள போயிட்டா?" என்றா.

போனை வைத்த பிறகு அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

றுமைஸா

ஆஷ் லேக், வடக்கு ஒன்ராறியோ
18.02.2024

என் றுமைஸாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கே எல்லோரும் 'என் வீடு, என் வீடு' என்றுதான் கதைக்கிறார்கள். ஐந்து வருடம் கேட்டுக் கேட்டு என் நாக்கும் பழகிவிட்டது. கோபிக்காதே.

எனக்கு வீடென்று எங்கே இருக்கிறது? கடைக்கு மேலே ஓர் அறை, அவ்வளவுதான். இது தங்கச் சுரங்கத்துக்காக உண்டான ஊர். சுரங்கம் மூடி எத்தனையோ காலம். அதன் இரும்புக் கோபுரம் மட்டும் ஊர் நடுவில் துருப்பிடித்து நிற்கிறது. மிஞ்சியது காடும் எங்கள் மர ஆலையும். தங்கம் எடுத்த ஊரில் இருந்துகொண்டு உனக்கு ஒரு மூக்குத்திகூட அனுப்பவில்லை என்று நீ குத்திக்காட்ட முன் நானே சொல்லிவிடுகிறேன். என் சட்டையெல்லாம் பைன் மரத்தூள் மணம்தான்.

ஏரி உறைந்து கிடக்கிறது. அதன்மேல் வாகனத்தை ஓட்டிப்போய், துளை போட்டு, கதிரையில் இருந்து மீன் பிடிக்கிறார்கள். கடலுக்குத் தோணி தள்ளும் என் வாப்பா கண்டால், "இதுக்குப் பேரு மீன்புடியாடா?" என்று கேட்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு நாங்கள் நான்கு பேர், ஒரு பல் வைத்தியரின் வீட்டில் சேருவோம்.

பாதி வீடுகளின் யன்னல்களில் பலகை அடித்திருக்கிறது. வேலை முடிந்து வரும்போது ஏதாவது ஒரு வீட்டில் வெளிச்சம் தெரிந்தால், உள்ளே நீ இருப்பதாக நினைத்துக்கொண்டு நடப்பேன். பைத்தியம்தான். ஆனால் நீ இல்லாமல் இன்னொரு பனிக்காலம் எனக்கு ஏலாது, புள்ள.

உன் றிம்சான்

சாய்ந்தமருது
20.03.2024

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு திறந்துவிட்டு உங்கள் கடிதத்தை வாசித்தேன். கஞ்சி ஆறிப்போனது.

எனக்கு மட்டும் ஆசையில்லையா? இப்போதும் கட்டிலின் ஓரத்தில்தான் படுக்கிறேன். உங்கள் பக்கத்தில் கைகூடப் போடுவதில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், சிரிக்கக் கூடாது. நம் ஊரில் புருசன் பெண்சாதிக்குச் சண்டை வந்தால், தலையணையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவது ஆம்பிளைதான். நீங்களும் போயிருக்கிறீர்கள். விடிந்ததும் கள்ளன் மாதிரி வந்து நின்று, "இடியப்பம் இரிக்கா?" என்று கேட்டீர்கள். அங்கே சண்டை வந்தால் யார் வெளியே போவது? நீங்கள் போனால் விறைத்துச் செத்துவிடுவீர்கள். நான் போக எனக்கு அங்கே யாருமில்லை. உங்கள் அறையில் இருந்துகொண்டு, உங்களுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ள வேண்டி வருமோ என்றுதான் எனக்குப் பயம்.

இங்கே தங்கச்சி றுஸ்தாவுக்கு மருதமுனையில் ஒரு மாப்பிள்ளை பொருந்தி வந்திருக்கிறது. அவளுக்கென்று வீடு இல்லாமல் கல்யாணம் இழுபடுகிறது. உம்மா இந்த வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறா. ஜூலை முடிவதற்குள் வராவிட்டால் விசா முடிந்துவிடும் என்கிறீர்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, மச்சான்.

றுமைஸா

ஆஷ் லேக்
28.04.2024

என் றுமைஸாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். சிரிக்கவில்லை. நாலைந்து நாள் மரம் அறுக்கும்போதும் அதையே யோசித்தேன்.

இந்த உறைக்குள் ஒரு சாவி இருக்கும். ஒரு பழைய சுரங்கத் தொழிலாளியின் மனைவி மகனோடு போய் இருக்கப் போகிறா. அவவின் சிறிய மர வீட்டை வாங்கிவிட்டேன். ஊர் வெறிச்சோடிக் கிடப்பதால்தான் என் கைக்கு எட்டியது. வீட்டு உறுதிப் பத்திரத்தை உன் பெயரில் எழுதச் சொன்னேன். உங்கள் பெயர் வேண்டாமா என்று வக்கீல் இரண்டு தரம் கேட்டார். "எங்கட ஊரில வீடு பொம்பிளைக்குத்தான்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

நான் இன்னும் கடைக்கு மேலேதான் இருக்கிறேன். பொம்பிளை வராத வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை? குழாய்த் தண்ணீர் உறையாமல் பார்க்க மட்டும் உள்ளே போய் வருவேன்.

பின்னால் ஒரு விறகுக் கொட்டில் இருக்கிறது. அதற்குள் ஒரு இரும்பு அடுப்பும், ஒரு மடக்குக் கட்டிலும் போட்டிருக்கிறேன். நீ துரத்தினால் தலையணையோடு நான் அங்கே போவேன். விறைத்துச் சாகமாட்டேன், பயப்படாதே.

வருவாயா?

உன் றிம்சான்

சாய்ந்தமருது
03.07.2024

என் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோர்த்திருக்கிறேன். "பொட்டிச் சாவியாகா?" என்று பார்ப்பவர்களெல்லாம் கேட்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை றுஸ்தாவின் நிக்காஹ் முடிந்தது. வாப்பாவின் வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உம்மாவும் அவளோடு இருப்பா. மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றபோது எனக்கு உங்கள் ஞாபகம்தான். குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன். உம்மா பின்னால் வந்து, "அழாதகா. ஒன்ட வாசல்லயும் ஒருத்தன் வந்து நிக்கிறான்" என்றா.

இனி இந்த ஊரில் எனக்கு வீடில்லை, மச்சான். உங்கள் ஊரில்தான் இருக்கிறது.

இருபத்தோராம் திகதி வருகிறேன். விமான நிலையத்துக்கு வாருங்கள். ஆனால் வீட்டுக் கதவை நான்தான் திறப்பேன். நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நில்லுங்கள். நான் கூப்பிட்ட பிறகு உள்ளே வந்தால் போதும்.

அந்தக் கொட்டிலில் கட்டில் இருக்கட்டும், சண்டை வராமலா இருக்கும்? அடுப்பை மட்டும் கழற்றிவிடுங்கள். குளிர் தாங்காமல் நீங்கள் சீக்கிரம் திரும்பி வந்து கதவைத் தட்ட வேண்டும்.

உங்கள் றுமைஸா